பதினேழாவது ஆள்

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, எங்கட வீட்டில பதினேழு பேர் எண்டு பொலிசில எழுதிக் குடுத்தனான். தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. கொழும்பில, கொட்டாஞ்சேனையில, தமிழ் வீட்டில ஆர் வந்து தங்கினாலும் பேர், ஊர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் பதியவேணும். பதிஞ்சதில பதினாறு பேர் இருக்கினம். வராத ஒரே ஆள் என்ர தம்பி ஹியூபேட். மடு அகதி முகாமில இருந்து வெளிக்கிடப் பாஸ் எடுத்துக்கொண்டு நத்தாருக்கு முந்தி வந்திடுவன் எண்டவன். "வரமாட்டான், எழுதித் தாறன். பிறந்ததில இருந்தே பிந்துறவன்" எண்டு விடியத் தொடக்கம் ஏசிக்கொண்டு நிண்டன்.

அவன்ர மகன் வின்சன்ற் இரண்டு மாசமாய் எங்களோட. தாயில்லாப் பிள்ளை, இருபது வயசு. இருபத்தெட்டாம் திகதி கனடாவுக்குப் பிளேன். வீசா குத்தியாச்சு, டிக்கெட் அலுமாரிக்குள்ள. இன்னும் மூண்டு நாளைக்குப் பொலிசோ ஆமியோ ஒருத்தரும் அவனைப் பிடிச்சுக்கொண்டு போகாமல் இருந்தால் எனக்கு அது காணும். அதுக்காக நான் அந்தோனியாருக்கு வைக்காத நேத்தி இல்லை.

மத்தியானம் பிளேற் வைக்கேக்க தலையை எண்ணினன். பதினேழு! ஹியூபேட் வரேல்லை, பிறகெப்பிடிப் பதினேழு? திரும்ப எண்ணினன். அப்பதான் கண்டன், கதவடிக் கதிரையில ஒரு ஆள். நாற்பத்தைஞ்சு வயசிருக்கும், வெள்ளைச் சேட்டு, மடியில ஒரு கேக் பெட்டி. என்ர மனுசன் ஒஸ்வால்ட் அந்தாளுக்கு வைன் வேற ஊத்திக் குடுக்கிறார்.

மனுசனைக் குசினிக்குள்ள இழுத்தன். "இஞ்சாருங்கோ, அது ஆர்?"

"உம்மட ஆக்கள் எண்டெல்லோ நினைச்சன் பிறிஜெற்."

"என்ர ஆக்களோ! நான் உங்களோட துறைமுகத்தில வேலை செய்யிற ஆள் எண்டு நினைச்சன்."

ஒஸ்வால்டின்ர தங்கச்சி மாக்ரெட்டைக் கேட்டால், "உங்கட நீர்கொழும்புச் சொந்தம் எண்டு நினைச்சுக் கை குடுத்து, பிள்ளையளின்ர பேரெல்லாம் சொன்னன் மச்சாள்" என்கிறா. பூசை முடிஞ்சு வந்த ஆக்களோட ஆளாய் உள்ள வந்திருக்கிறார். பெருநாளில வந்த ஆளை 'நீர் ஆர்' எண்டு கேக்க எங்கட ஆக்களுக்கு வாய் வராது. சொந்தத்தையே மறந்திட்டினம் எண்டு கதை கட்டிப்போடுவினம் எண்ட பயம். இந்த மரியாதைதான் ஒருநாள் எங்களைக் கம்பிக்குள்ள தள்ளப்போகுது எண்டு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கட்லட் தட்டோட கிட்டப் போனன். "வின்சன்ற் எண்டது அந்தச் சிவப்புச் சேட்டோ?" எண்டார். நான் தட்டைப் பின்னுக்கு இழுத்தன்.

"ஏன் கேக்கிறியள்?"

"சும்மாதான் அக்கா. இருபத்தெட்டாம் திகதிப் பயணம் மாறேல்லைத்தானே? பாஸ்போட் கையில இருக்கோ?" பிறகு என்னை ஒருக்கால் மேலும் கீழும் பார்த்திட்டு, "உங்களுக்குப் பிறெசர் கிறெசர் ஒண்டும் இல்லையே?" எண்டார்.

அந்தக் கேள்வியிலதான் எனக்குப் பிறெசரே ஏறினது! எங்கயிருந்து வாறியள் எண்டு நான் கேட்டால், "எல்லாரும் சாப்பிடட்டும் அக்கா, ஆறுதலாய்க் கதைப்பம்" என்கிறார். கொண்டுவந்த கேக்கைக் குடுக்காமல் மடியில வைச்சுப் பொத்திக்கொண்டிருக்கிற விருந்தாளியை எங்கயாவது கண்டிருக்கிறியளோ? அதுக்குள்ள குண்டு கிண்டு இருக்கோ எண்டு நினைச்சு இரண்டடி தள்ளி நிண்டன். காலம் அப்பிடி.

ஒஸ்வால்ட் செபம் சொன்னார். எல்லாரும் சிலுவை போட, அந்தாள் பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நிண்டார். அட கடவுளே, கத்தோலிக்கரும் இல்லை! வேவு பார்க்க வந்தவனுக்கு வைன் ஊத்திக் குடுத்திருக்கிறம். வின்சன்றின்ர கையைப் பிடிச்சுப் பின்னறைக்குள்ள தள்ளி, பிளேற்றையும் கையில குடுத்தன். "கூப்பிடுமட்டும் வெளிய வந்தியோ, காலை முறிப்பன்" எண்டு கதவைச் சாத்தினன்.

அந்தாளுக்கு மஞ்சள் சோறும் கோழிக் கழுத்தும் போட்டன். வேணுமெண்டுதான். அவர் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு மற்றவையின்ர பிளேற்றையே பார்த்தார். "எல்லாரும் சாப்பிட்டாச்சோ அக்கா? வின்சன்ற் தம்பி சாப்பிட்டவரோ?" மூண்டு தரம் கேட்டார். மூண்டாம் தரம் எனக்குப் பொறுக்கேல்லை.

"எழும்பும். வாரும் பின்னுக்கு" எண்டு குசினிக்குப் பின்னால பைப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனன். "உம்மை ஆர் அனுப்பினது? அந்தப் பிள்ளையில கை வைக்கிறதெண்டால் என்னைத் தாண்டித்தான் போகவேணும், சொல்லிப்போட்டன்."

அவர் கையைக் கழுவி, லேஞ்சியால துடைச்சார். "ஹியூபேட் அண்ணைதான் அனுப்பினவர். என்ர பேர் தியாகராசா. முகாமில பக்கத்துக் கொட்டில். நேற்றுத்தான் பாஸில வந்தனான்."

"ஓ, உமக்குப் பாஸ் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காதோ? எங்க அந்தக் கழுதை?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "மலேரியா அக்கா. போன வெள்ளிக்கிழமை முடிஞ்சுது. சாப்பாட்டுக்கு முந்திச் சாவுச் செய்தி சொல்லக்கூடாது எண்டு எங்கட பக்கத்தில வழக்கம். நல்ல நாளில, சமைச்சு வைச்ச வீட்டில, நான் எப்பிடி வாயைத் திறக்கிறது?"

நான் பைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்.

"கடைசியாய் ஒண்டுதான் சொன்னவர். மகன் பிளேன் ஏறுமட்டும் அவனுக்குச் சொல்லவேண்டாம், சொன்னால் எல்லாத்தையும் விட்டிட்டு மடுவுக்குத் திரும்பி வந்திடுவான், அக்காவுக்கு மட்டும் சொல்லு எண்டார்." கேக் பெட்டியை நீட்டினார். உள்ள தம்பியின்ர செபமாலையும் மணிக்கூடும்.

என்ர தம்பி. ஆறு நாளாய் மண்ணுக்குள்ள கிடந்தவனை நான் விடியத் தொடக்கம் ஏசியிருக்கிறன். நெஞ்சு எரிஞ்சுது. செய்தி சுமந்து வந்த மனுசனுக்குக் கழுத்துத் துண்டு போட்டதும் சேர்ந்து எரிஞ்சுது. ஆனால் உள்ள பதினைஞ்சு பேர், எனக்கு அழ இடமில்லை. பெட்டியை அரிசி வாளிக்குள்ள தாட்டுப்போட்டு, முகத்தைக் கழுவி, தியாகராசாவையும் திரும்பச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வந்தன்.

வின்சன்ற் பின்னறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "மாமி, ஆர் அந்தாள்? அப்பா ஏதும் சொல்லி விட்டவரோ?"

"ஓம். முகாமில பக்கத்துக் கொட்டிலாம். கொப்பருக்குப் பாஸ் கிடைக்கேல்லையாம். உன்னைச் சுகமாய்ப் போய்ச் சேரட்டாம்."

"பாத்தியளோ! பாவம், பாஸ் குடுக்காட்டில் அவர் என்ன செய்யிறது? நீங்கள் சும்மா ஏசிக்கொண்டு நிண்டியள்" எண்டு சிரிச்சான். பிறகு என்ர முகத்தை உத்துப் பார்த்தான். நான் ஏசாமல் நிண்டால் விசயத்தைப் பிடிச்சிடுவான்.

"அவன் எப்பவும் இப்பிடித்தான்! பிறந்ததில இருந்தே பிந்துறவன்!" எண்டு வீடு கேக்கக் கத்தினன். கத்திக்கொண்டே தியாகராசாவின்ர பிளேற்றில ஒரு தொடைத் துண்டு போட்டன். இருபத்தெட்டாம் திகதி, பிள்ளை எயார்போட்டுக்குள்ள போய்க் கை காட்டுமட்டும், நான் என்ர தம்பியை ஏசிக்கொண்டே இருந்தன்.