ஜூடித் நாலாவது

காக்ஸ் டவுனில் சிரில் வீடு எது என்று விசாரித்தால், "எந்த சிரில்? கிளாரன்ஸ் கூட டிரம்ஸ் அடிச்சாரே, அவரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கிளாரன்ஸ் பாடகர். முப்பது வருடங்களுக்கு முன்பு 'பிளைண்ட் கார்னர்' என்ற ராக் பேண்ட் பெங்களூரையே ஆட்டிவைத்தது. முன்னால் நின்று பாடியவர் கிளாரன்ஸ், பின்னால் உட்கார்ந்து அடித்தவர் சிரில். பேண்ட் உடைந்தது. கிளாரன்ஸ் மெல்போர்னுக்குப் போய்விட்டார். சிரில் போகவில்லை. அதனால் சர்ச் வாசலிலும் மெடிக்கல் ஷாப்பிலும் பஸ் ஸ்டாப்பிலும் அவரைப் பார்த்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கிளாரன்ஸ் எப்படி இருக்காரு?"

பேண்ட் உடைந்த பிறகு சிரில் தனியாக மூன்று ஆல்பம் போட்டார். மூன்றிலும் டிரம்ஸ் மட்டும்தான். கிடார் கிடையாது, பாட்டு கிடையாது. முதல் ஆல்பத்தை நண்பர்கள் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவதுக்கு அந்த மரியாதையும் இல்லை. மூன்றாவது ஆல்பத்துக்கு மனைவி பெயரை வைத்தார்: 'ஜூடித்'.

ஜூடித் ஹைஸ்கூல் கணக்கு டீச்சர். அட்டை அச்சாகி வீட்டுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சிரில்?"

"சர்ப்ரைஸ் மா."

"நாப்பது நிமிஷம் போட்டு அடி அடின்னு அடிச்சிட்டு அதுக்கு என் பேரா?"

ஸ்டாஃப் ரூமில் அந்த வருடம் முழுக்க அவளைக் கிண்டல் செய்தார்கள். அது நடந்து பதினைந்து வருடம் ஆயிற்று. போன வருடம் அவளும் ரிட்டயர் ஆனாள்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சிரிலின் போன் அடித்தது.

"ஹலோ, ஜூடித் போட்ட சிரில் சாரா?" ஒரு பெண் குரல்.

"ஜூடித் என் வைஃப். நான் சிரில்தான். யாரு பேசறது?"

"சார், என் பேர் அலர்மேல்மங்கை. எலெக்ட்ரானிக் சிட்டியில இருந்து பேசறேன். உங்க நம்பர் கண்டுபிடிக்க மூணு வாரம் ஆச்சு சார். இங்க எங்க அபார்ட்மென்ட்ல லேடீஸ் நாப்பத்திமூணு பேரு. ஆறு வருஷமா தினம் காலையில ஆறரைக்கு உங்க ஜூடித்துக்குத்தான் ஆடறோம்."

"ஆடறீங்களா?"

"எக்ஸர்சைஸ் சார். ஜூடித்ல டிராக் ஒண்ணு வார்ம்-அப். ரெண்டு இடுப்புக்கு. மூணு வந்துட்டா முட்டிவலிக்காரங்க உக்காந்துக்குவாங்க. நாலாவது இருக்கு பாருங்க..." அந்த அம்மா மூச்சை இழுத்துக்கொண்டாள். "நாலாவது பத்தி போன்ல சொல்ல முடியாது சார். நேர்ல வந்து பாக்கணும்."

அலர்மேல்மங்கை ஆரணியில் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகனோடு இருப்பதற்காக இங்கே வந்தவள். மகன் காலேஜ் நாளில் வாங்கிப்போட்ட சி.டி. அது. பாட்டு வைத்து உடற்பயிற்சி செய்தால் எல்லோரும் வாயால் கூடவே பாடி மூச்சு வாங்குகிறார்கள் என்று, பாட்டே இல்லாத ஒன்றைத் தேடியபோது அலமாரியில் கிடைத்ததாம். வரும் சனிக்கிழமை குழுவுக்கு ஆறாவது ஆண்டுவிழா. சிரில் வந்து நேரில் வாசிக்க வேண்டும்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு சிரில் காத்திருந்தார். இப்போது வரும், இதோ வந்துவிடும் அந்தக் கேள்வி என்று.

"நெட்ல பார்த்தேன் சார்," என்றாள் அலர்மேல்மங்கை. "நீங்க முன்னாடி ஏதோ பேண்டுல வேற இருந்தீங்களாமே?"

போனை வைத்துவிட்டு சிரில் சாப்பாட்டு மேஜையை இரண்டு சுற்று சுற்றி வந்தார். அறுபத்தோரு வயது மனுஷன், லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஜூடித் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னா ஆச்சு உனக்கு?"

"ஏதோ பேண்டாம், ஜூடித்! ஏதோ பேண்டு! அந்தம்மாவுக்கு பேரு கூடத் தெரியல!"

நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தார். சனிக்கிழமை விடிகாலையில் பழைய ஆம்னி வண்டியில் டிரம்ஸை ஏற்றினார்கள். சிம்பல் என்ற பெரிய பித்தளைத் தட்டுக்கு மட்டும் இடமில்லை. ஜூடித் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் அது 'ஷிங்' என்றது. பத்தாவது 'ஷிங்'குக்கு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமலே சிரிலும் சிரித்தார்.

கிளப் ஹவுஸ் ஹாலில் நாற்பத்திமூன்று பேரும் வரிசையில் தயாராக நின்றார்கள். டிராக் பேண்ட், சுடிதார், நைட்டி மேல் துப்பட்டா, எல்லாம் இருந்தது. அலர்மேல்மங்கை ஐந்தடிக்கும் குறைவு. காட்டன் புடவைக்குக் கீழே பளபளவென்று ஊதா நிற ஷூ. சிரிலுக்கு மாலை போட்டாள். அவர் குனிய வேண்டியிருந்தது.

"இது என் வைஃப்," என்றார் சிரில். "ஜூடித்."

அடுத்த நொடி யாரோ வீல் என்று கத்தினார்கள்.

"ஜூடித்தா? நிஜமான ஜூடித்தா?"

"அய்யோ, ஜூடித் இவ்ரேனா?" என்று கன்னடத்தில் கூவிக்கொண்டு முன் வரிசை மமதா ஓடிவந்தாள். அவள் பின்னால் மொத்த வரிசையும் வந்தது. சிரிலை ஓரமாகத் தள்ளிவிட்டு ஜூடித்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆல்பத்தின் பேர் ஒரு மனுஷியின் பேர், அந்த மனுஷி காக்ஸ் டவுனில் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள் என்று இத்தனை வருடமும் யாருக்கும் தோன்றவில்லை; போனில் கேட்ட அலர்மேல்மங்கைக்கும் அது உறைக்கவில்லை.

"உங்களாலதாங்க எனக்கு ஒன்பது கிலோ குறைஞ்சுது," என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவதுல மட்டும் இடுப்ப ஒடிச்சிடறீங்க மேடம்," என்றாள் இன்னொருத்தி.

"ஸாரி," என்றாள் ஜூடித். முப்பத்திநாலு வருடம் பிள்ளைகளை பெஞ்சு மேல் ஏற்றிய டீச்சர் மன்னிப்புக் கேட்டாள்.

சிரில் ஆரம்பித்தார். ஒன்று நன்றாகப் போனது. இரண்டில் நாற்பத்திமூன்று இடுப்பும் ஒரே திசையில் திரும்பியபோது அவருக்கு உள்ளங்கை சிலிர்த்தது. 'பிளைண்ட் கார்னர்' நாட்களில் எத்தனையோ ஆயிரம் பேர் எதிரில் ஆடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஆடியது பாட்டுக்கு. இவர்கள் அவருடைய இடது கைக்கு ஒரு பக்கமும் வலது கைக்கு ஒரு பக்கமும் ஆடினார்கள். மூன்றில் முட்டிவலிக்காரர்கள் உட்கார்ந்து கைதட்டினார்கள்.

நான்காவது தொடங்கியதும் ஹாலில் ஒரு பரபரப்பு ஓடியது. உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்தார்கள். இரண்டு நிமிடம் ஆனது. சிரில் தன் வாழ்க்கையிலேயே அழகான உருட்டல் என்று நினைத்திருந்த உருட்டலைத் தொடங்கி, பெரிய சிம்பலை ஓங்கி அடித்தார். அதே கணத்தில் நாற்பத்திமூன்று பேரும் எம்பிக் குதித்தார்கள். இறங்கி மறுபடி குதித்தார்கள். சிரிலின் வாசிப்பு அதற்குள் எங்கேயோ போய்விட்டது. பாதிப்பேர் வலப்பக்கம் திரும்ப, மீதிப்பேர் திரும்பலாமா வேண்டாமா என்று நிற்க, வரிசை மேல் வரிசை மோதியது. மமதா அலர்மேல்மங்கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சார், தப்பு!"

"தப்பா? இது என் டிராக்குமா. நான் போட்டது."

"இருக்கலாம் சார்," என்றாள் மமதா மரியாதையாக. "ஆனா தப்பா வாசிக்கறீங்க."

அலர்மேல்மங்கை ஸ்பீக்கரில் பென் டிரைவைச் செருகி நாலாவதைப் போட்டாள். சிரில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இரண்டு நிமிடம் வரை சரியாக வந்தது. உருட்டல் தொடங்கியது. உடனே சிக்கிக்கொண்டது. டகடும், டகடும், டகடும், டக. அவ்வளவுதான். சிம்பலே இல்லை. நேராக அடுத்த பகுதிக்குத் தாவிவிட்டது.

"கீறல்," என்றார் சிரில் மெதுவாக. "சி.டி.ல கீறல் விழுந்திருக்கு."

"தெரியும் சார். எங்க வீட்டுல அது மேல காபி டபராவ வெச்சு வெச்சு எடுத்துட்டாங்க. பென் டிரைவ்ல ஏத்தறப்போ கீறலும் சேர்ந்து ஏறிடுச்சு. ஆனா எங்க ஜம்ப்பே அதுலதான சார் இருக்கு! மூணு குதி, அரைக்கு ஒரு திரும்பு. அதுக்காகத்தான் எல்லாரும் தினம் எந்திரிச்சே வராங்க."

அந்தச் சிம்பல் அடி சரியாக விழுவதற்கு அன்று ஸ்டுடியோவில் பதினோரு தடவை வாசித்திருந்தார் சிரில். அதை ஒரு டபரா தின்றுவிட்டது. முகம் சற்றுத் தொங்கிப்போயிற்று.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றார்.

போட்டார்கள். இந்த முறை அவர்கள் குதித்துக் காட்டினார்கள். டகடும் என்றால் ஒரு குதி. நாற்பத்திமூன்று ஜோடி கால் ஒன்றாக இறங்கிய சத்தத்தில் அவருடைய ஸ்டூல் அதிர்ந்தது. அரை 'டக'வில் எல்லோரும் காற்றில் இருக்கும்போதே திரும்பினார்கள். சிரிலின் வலது கால் தானாகவே தாளம் போட ஆரம்பித்தது. இப்படி ஒரு கணக்கு தனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று நினைத்தார். நினைக்கும்போதே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"சொல்லிக் குடுங்கமா," என்றார்.

எளிதாக வரவில்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் கை தானாகச் சிம்பலுக்குப் போனது. "சார்!" என்று ஹாலே கத்தியது. இரண்டாவது தடவை நான்கு டகடும் அடித்தார். மூன்றாவது தடவை இரண்டோடு நின்றுவிட்டார்.

"மூணரை, சிரில்!" ஜூடித் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "மூணு இல்ல, நாலு இல்ல, மூணரை. எத்தன வாட்டி சொல்றது? என்னப் பாரு!"

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மமதாவுக்கும் அலர்மேல்மங்கைக்கும் நடுவில் போய் நின்றாள். சிரில் வாசித்தார். உருட்டல் வந்தது. அவர் சிம்பலைப் பார்க்கவில்லை, ஜூடித்தின் கால்களைப் பார்த்தார். குதி, குதி, குதி, திரும்பு. விழுந்தது! சரியாக விழுந்தது! ஹாலில் எழுந்த கூச்சலில் செக்யூரிட்டி விசிலோடு ஓடிவந்தார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார். அன்றைக்கு நாலாவதை மட்டும் ஒன்பது தடவை வாசித்தார்கள். இட்லி ஆறிப்போனது. ஆறின இட்லியை எல்லோரும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஜூடித் ஆறு சாப்பிட்டாள்.

திரும்பும் வழியில் சில்க் போர்டு நெரிசலில் வண்டி நின்றபோது, சிரில் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "நாலாவது ஆல்பம் போடலாம்னு இருக்கேன்."

"ஸ்டுடியோவிலயா?"

"அந்த ஹால்லயே. அவங்க கால் சத்தத்தோட."

"ஷூ போட்டவங்க முன்னாடி, வெறுங்கால் பின்னாடி நிக்கணும்," என்றாள் ஜூடித். "ரெண்டு சத்தமும் வேற வேற."

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை ரெக்கார்டிங். ஒலிப்பதிவு செய்யும் டேரில் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் மைக்குகளை நட்டுவிட்டு, எல்லோருடைய வளையலையும் கழற்றச் சொன்னார். புதிதாக ஐந்து டிராக். கடைசி டிராக்குக்கு முன்னால் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்: "முடிஞ்சதும் சிம்பல் சத்தம் மெல்ல மெல்ல அடங்கணும். இருபது செகண்ட். யாரும் அசையக் கூடாது. மூச்சு கூட மெதுவா."

வாசித்தார்கள், குதித்தார்கள். கடைசி அடியில் நாற்பத்திநாலு பேரும் சிலை மாதிரி நின்றார்கள். சிம்பல் மட்டும் மெல்லியதாகக் கரைந்துகொண்டிருந்தது. ஐந்து, பத்து, பதினைந்து. டேரில் கையை உயர்த்திப் பிடித்திருந்தார். பதினெட்டாவது வினாடியில் முன் வரிசையில் ஜூடித்தின் தோள் குலுங்கியது. அவள் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், மூக்கைப் பிடித்துப் பார்த்தாள். முடியவில்லை. மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், மமதா வெடித்தாள், அலர்மேல்மங்கை ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டாள், ஹால் முழுக்கச் சிரிப்பு உருண்டது. சிரில் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அதை வெட்டிவிடலாம் என்று டேரில் சொன்னார். சிரில் கேட்கவில்லை. ஆல்பத்தின் முடிவில் அது அப்படியே இருக்கிறது, ஒரு நிமிடம் பதினாறு வினாடி.