கிருஷ்ணப்ரியா கொடுத்த புகார்

1

இந்தக் கதையை மந்தாரக்குப்பம் பேருந்தில் எடுத்தேன், கண்ணுகளா. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் இறங்கிய இடத்தில் கதையும் இறங்கிவிட்டது. மீதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கல்வியின் ஒளியை ஏந்திய அந்த இளைஞர் கூட்டம்...' வேண்டாம். ஒளியாவது ஒன்றாவது. கொட்டகைக்குள் முந்திரி வறுத்த புகைதான் இருந்தது.

2

கிருஷ்ணப்ரியா நெய்வேலி நகரியத்துப் பெண். கல்லூரியில் படிக்கிறாள், அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். 2014 வாக்கில், ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழகவேண்டும் என்று கூட்டாளிகளோடு காடாம்புலியூருக்கு வந்தாள். அங்கே மாலை வகுப்பு நடத்தும் செவ்வந்தி அவர்களைப் புத்தகத்தைத் தொடவே விடவில்லை. கொட்டகையில் முந்திரி உடைக்கும் பெண்களோடு உட்காரவைத்தாள்.

"எப்பக்கா பாடம் எடுக்கிறது?"

"இதான் பாடம். குந்து. கையில சாம்பல் தடவிக்க, ஓட்டுப்பால் பட்டா வெந்துடும். அவங்களா பேசற வரைக்கும் நீ வாயத் தொறக்காத."

"பேசலைன்னா?"

"ஒடச்சிகினே இரு."

பக்கத்தில் இருந்த மாரியம்மாள் சிரித்தாள். "குவார்ட்டர்ஸ் பொண்ணு ஒடைக்கிற அழகப் பாரு. பருப்ப நசுக்கிட்டு ஓட்டப் பத்திரமா வெக்குது!"

(இந்தச் சிரிப்பை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். பின்னால் வருவதை நினைத்தால்... இருக்கட்டும். அவள் சிரித்தாள்.)

3

மாரியம்மாளின் மகள் அபி. ஆறாம் வகுப்பு. பாதி நாள் பள்ளி, மீதி நாள் கொட்டகை. அவள் விரல்களில் தோல் உரிந்திருந்ததைப் பார்த்த கிருஷ்ணப்ரியாவுக்குத் தாங்கவில்லை.

"பொறு," என்றாள் செவ்வந்தி. "இப்பதான் அவங்களே பேச ஆரம்பிச்சிருக்காங்க. புள்ளைங்கள அனுப்ப மாட்டோம், கூலிய ஏத்துன்னு எல்லாருமா சேந்து கேக்கப்போறாங்க."

கிருஷ்ணப்ரியா பொறுக்கவில்லை. (அவளைத் திமிர் பிடித்தவளாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை.) அவள் வளர்ந்த பிளாக்கில் குழாய் ஒழுகினால் புகார் சொல்வார்கள். ஆள் வருவான், சரிசெய்வான், போவான். ஊர் உலகமெல்லாம் அப்படித்தான் என்று நம்பி, பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகளுக்குப் போனில் புகார் சொல்லிவிட்டாள்.

ஜீப் வந்தது. முதலாளி கொட்டகையைப் பூட்டினார். திரும்பத் திறந்தபோது உள்ளே வேறு ஊர் ஆட்கள். மாரியம்மாள் தொலைவில் வேறு கொட்டகைக்குப் போனாள். அங்கே தூக்கிப்போக முடியாத கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அபி பள்ளியை முழுசாக விட்டாள்.

4

முடிவு ஒன்று: அபி மறுபடியும் பள்ளிக்கு... பொய். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கிருஷ்ணப்ரியா அழ, செவ்வந்தி அணைத்துக்கொள்கிறாள். செவ்வந்தி அப்படிப்பட்டவளா? "எங்கிட்ட ஏன் அழுவற? அவ வூட்டுக்குப் போ," என்றுதான் சொல்லியிருப்பாள்.

போனாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. நல்லதுக்குன்னுதான்..."

"நீ நல்லவதாம்மா. அத யாரு இல்லன்னா?" மாரியம்மாள் அபியின் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கி கிருஷ்ணப்ரியா முன்னால் நீட்டினாள். "இந்தா, புடி. நான் வேலைக்குப் போறேன். எம் பொண்ணு பள்ளிக்கூடம் போவட்டும். தெனமும் வந்துடுவ இல்ல?"

கிருஷ்ணப்ரியா கையை

இல்லை, அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. அபி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குழந்தை கனக்கும், கண்ணுகளா. வாங்குவாளா, மாட்டாளா? சீக்கிரம் சொல்லுங்கள்.