தன் கையால் மாட்டிய பிரேக்

நில வழக்கு விசாரணைக்கு வாய்தா போட்ட நாளிலிருந்து இராஜாங்கத்துக்கு எதைக் கண்டாலும் பயம். கீழ்வேளூர்ப் பக்கம் அவர் தகப்பன் காலத்திலிருந்து உழுதுவரும் நிலத்தைப் பண்ணைவீட்டுக்காரர்கள் தங்களுடையது என்றார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் பட்டா தருவதாகச் சொன்னது, எதுவும் தந்தபாடில்லை. போன மாதம் வைக்கோல்போர் வேறு எரிந்துபோனது. நாகப்பட்டினத்துக்கு விசாரணைக்குப் போகவிடாமல் வழியிலேயே தன் கதையை முடித்துவிடுவார்கள் என்று மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா பழைய மாருதியின் முன்பிரேக் மக்கர் பண்ண வேண்டும்? ஊருக்கு இருந்த ஒரே மெக்கானிக் மருதையன், பண்ணைவீட்டு டிராக்டர்களைப் பார்ப்பவன்.

"அவன்கிட்ட விட்டா பிரேக்க அவுத்து விட்டுட்டு, விதி முடிஞ்சிச்சுன்னு மாலையோட வருவானுங்க" என்றார்.

சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இரண்டு வாங்கிவந்து மாட்டுக்கொட்டகையில் தானே உட்கார்ந்துவிட்டார். யாரும் பார்க்காதபடி சுற்றிலும் சாக்கு கட்டிக்கொண்டார். பாவம், எவன் வருகிறான் என்று தெருவைப் பார்த்த கண் கையைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் மாட்டிவிட்டார். காற்றை வெளியே விடும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும், அது கீழே போய்விட்டது. மேலே தங்கிய காற்று எந்த வழியாக வெளியேறும்? உள்ளே காற்று இருந்தால் எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் பிரேக் பிடிக்காது.

பெடலை மிதித்துக் கொடுத்த மனைவி அம்சம் காலை எடுத்துவிட்டாள்.

"என்னங்க, பொதபொதன்னு உள்ள போவுது. மருதையன ஒரு வார்த்த..."

"அவன் பேர எடுக்காத! புதுசுல்ல, ஓட ஓட இறுகிடும்."

மறுநாள் திங்கட்கிழமை. ராகுகாலத்துக்கு முன் கிளம்ப வேண்டும். மகளைக் காலேஜில் இறக்கிவிட்டு அப்படியே விசாரணைக்குப் போவதாக ஏற்பாடு. ரிப்பேர் பார்த்த வண்டியை எடுக்கும்போது செய்கிறபடி, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள் அம்சம். முன்னால் நின்று சூடம் காட்டினாள். அவளுக்குப் பின்னால் வாசல் சரிந்து இறங்கியது. சரிவின் அடியில் வாய்க்கால், கரை முட்டத் தண்ணீர்.

சூடம் காட்டியவள் ஒதுங்க வேண்டும். அவள் ஒதுங்கவில்லை.

"நீ எறங்குடி" என்று மகளை இறக்கிவிட்டாள். "வாங்க. பழத்த நசுக்கிட்டு எம் முன்னால நிறுத்துங்க."

"வெளையாடாத அம்சம், தள்ளு. நேரமாவுது."

"நல்லாத்தான மாட்டிருக்கீங்க? அப்பறம் என்ன?"

இராஜாங்கம் பிரேக் பெடலில் காலை வைத்தார். அது தரைவரைக்கும் போனது. மறுபடி அமுக்கினார், மறுபடியும் போனது. எவனோ வந்து தன்னைக் கொல்லப்போகிறான் என்று இத்தனை நாளும் பயந்தவருக்கு, இப்போது கியரைப் பிடித்திருந்த சொந்தக் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"எனக்குப் பயமா இருக்கு அம்சம்."

அம்சம் தட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"எடுத்துருவீங்களோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.