முதலில் போட்ட விருப்பம்

தன் மதிப்பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடைக்கவே கிடைக்காது என்று நம்பித்தான், அப்பா மனம் கோணக்கூடாதென்று அதைப் பொறியியல் கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் முதலில் போட்டாள். சொட்டுநீர்க் குழாய் ஏன் அடைக்கிறதென்று வயலில் மண்டியிட்டுப் பார்த்தே வளர்ந்தவள் அவள். உயிரையே வைத்திருந்த வேளாண் பொறியியலை இரண்டாவதாகப் போட்டிருந்தாள்.

நெட் சென்டரில் முடிவு வந்தது. கம்ப்யூட்டரே கிடைத்திருந்தது.

"பாத்தியா, என் மக சிங்கக்குட்டி!" பம்பு மெக்கானிக் அப்பா கிரீஸ் கையோடு துள்ளினார். போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

அவள் கடைக்காரரிடம் குனிந்து, "அண்ணா, ரெண்டாவதா போட்டத இப்ப கேக்க முடியுமா?" என்றாள்.

"நல்லாருக்கே! நீ கேட்டதத்தானம்மா குடுத்திருக்காங்க. இனி யாருகிட்டப் போய் மாத்தச் சொல்றது?"

வெளியே அப்பா யாரிடமோ, "அவளே ஆசப்பட்டுக் கேட்டது!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.