நாற்பத்திமூன்றாவது பிள்ளை

பிள்ளைகள் இல்லத்தின் உரிமத்தைப் புதுப்பிப்பதற்காகச் சோதனைக்கு வந்த அதிகாரியம்மா வாசிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடத் தொடங்கியதிலிருந்து இல்லத்தை நடத்தும் அவளுக்கு வேலை ஓடவில்லை. போன மாதம்தான் வேறொரு இல்லத்தை ஒரே நாளில் பூட்டிச் சீல் வைத்திருந்தார்கள். காரணம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதனாலேயே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

அவளும் கணவரும் ஊழியத்துக்கென்று ஊரை விட்டு வந்து பதினோரு வருடம். நகரத்தின் மறுகோடியில் இருந்த பையன்கள் இல்லம் அவர் பொறுப்பு. இந்தப் பெண்பிள்ளைகள் இல்லம் இவள் தலையில். இங்கே எல்லாருக்கும் அவள்தான் அம்மா.

சமையலறையில் கஞ்சியைக் கிளறியபடியே ஒவ்வொரு குற்றமாக நினைத்துப் பார்த்தாள். மாடி ஜன்னலில் ஒரு கம்பி ஆடுகிறது. போன வாரம் எட்டாம் வகுப்புக்காரி மேல் கை ஓங்கிவிட்டாள்; அடிக்கவில்லை, ஆனாலும் ஓங்கினாள். அந்தப் பெண் அதைச் சொல்லிவிட்டால்? "கர்த்தாவே" என்று ஆரம்பித்த ஜெபம் அதற்கு மேல் நகரவில்லை.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் ஆனது. கரண்டியைப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தபோது, வரிசையில் நின்ற குருவி உள்ளே போய்க் கதவு மூடுவதைப் பார்த்தாள்.

குருவி அவள் பெற்ற பிள்ளை. ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளை மடியில் வைத்து ஊட்டுவதைப் பார்த்து, புதிதாக வந்த ஒரு சிறுமி சாப்பிடாமலே எழுந்து போய்விட்டாள். அன்றைக்குக் கணவனும் மனைவியும் முழங்காலில் நின்று ஒரு முடிவு எடுத்தார்கள்: வித்தியாசம் பார்ப்பதில்லை. நடக்கத் தொடங்கியதிலிருந்து குருவிக்கும் அதே கூடம், அதே தட்டு, அதே வரிசை. பழக்கதோஷத்தில் இன்றும் வரிசையில் நின்றுவிட்டாள் போலிருக்கிறது.

ஐந்து நிமிடம் போனது. பத்து போனது. இருபதாவது நிமிடத்தில்தான் குருவி வெளியே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அடுத்தவளுக்கு வழிவிட்டுப் போனாள்.

கடைசிப் பிள்ளையும் போன பிறகு அதிகாரியம்மா கூப்பிட்டார்.

"பதிவேட்டுல நாற்பத்திரெண்டு பேர் இருக்காங்க. நான் நாற்பத்திமூணு பேர்கிட்ட பேசியிருக்கேன். அந்த ரெட்டைப்பின்னல் பொண்ணு யாரு?"

"என்... என் பொண்ணுதாங்க மேடம்."

அதிகாரியம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க பொண்ணா? உன்னைப் பார்க்க யாரு வருவாங்கன்னு கேட்டேன், யாரும் வர மாட்டாங்கன்னா. அம்மா இருக்காங்களான்னு கேட்டேன். இங்க எல்லாருக்கும் ஒரே அம்மாதான்னா. நான் என்னன்னு எழுதறது?"

அவள் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"பிறப்புச் சான்றிதழ் காட்டுங்க. பதிவு பண்ணாத பிள்ளையை வெச்சிருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

சான்றிதழ் கணவரின் பீரோவில், நகரத்தின் மறுகோடியில். போனில் அவள் சொன்னது பாதி புரிந்ததோ இல்லையோ, "பதறாத, இதோ கிளம்பிட்டேன்" என்றார். ஒன்றேகால் மணி நேரம் அவள் அந்த அதிகாரியின் எதிரில் உட்கார்ந்திருந்தாள். பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல ஒரு தாளுக்குக் காத்திருக்கும்படி ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

கணவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அதிகாரியம்மா தாளை இரண்டு முறை படித்தார். மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருடத்துக்கு மட்டும் உரிமத்துக்குச் சிபாரிசு எழுதினார். கிளம்பும்போது வாசலில் நின்று, "இது எந்தச் சட்டத்துலயும் இல்ல. இருந்தாலும் சொல்றேன். அத்தனை கேள்வி கேட்டும் அந்தப் பொண்ணு அழவே இல்லம்மா" என்றார்.

அவர் போனதும் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாம ஜெபிச்சு எடுத்த முடிவுதானே அது."

"நாம எடுத்தோம். அவ எடுக்கலையே."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, சொந்தக்காரர்கள் வந்து பிள்ளைகளைப் பார்க்கும் நாள். வருடக்கணக்காக வாசலில் நோட்டோடு உட்கார்ந்து பெயர் எழுதுவது அவள் வேலை. அந்தச் சனிக்கிழமை நோட்டைச் சமையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடி பெஞ்சில் மற்ற விருந்தாளிகளோடு போய் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த ஒரு சித்தி மரியாதைக்கு எழுந்து நிற்கப் பார்த்தாள். "உட்காருங்க, நானும் பார்க்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லி அவளை உட்காரவைத்தாள்.

குருவி ஓடி வரவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தவள் போல் தூணோரம் நின்று பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் கிடந்த வேப்பிலைகளை அம்மா தட்டிவிட்டாள்.

"செருப்பு கடிக்குதும்மா" என்றாள் குருவி திடீரென்று.

"எத்தனை நாளா?"

"பள்ளிக்கூடம் திறந்ததுலேர்ந்து."

"ஏண்டி சொல்லல?"

"வரிசை பெருசா இருந்துச்சு."

அவள் குனிந்து மகளின் காலை எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். குதிகாலில் காய்த்துப்போயிருந்தது. நிமிர்ந்தபோது மாடிப்படியில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து இங்கேயே பார்ப்பது தெரிந்தது. ஒருநாளும் யாரும் வராத இரண்டு பேர். அவர்களைக் கூப்பிடக் கை தானாக எழுந்தது.

"கூப்பிடாதீங்கம்மா" என்றாள் குருவி, தலையைத் தூக்காமல். "இன்னைக்கு மட்டும்."

எழுந்த கை பாதியில் நின்றது. சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. படியில் இருந்த இரண்டு முகங்களும் இந்தப் பக்கமே திரும்பியிருந்தன. நாளை அவர்களிடம் என்ன சொல்லப்போகிறோம் என்றும் தெரியவில்லை. ஆனாலும் கையை இறக்கி, மகளின் குதிகால் மேல் வைத்துக்கொண்டாள்.

குருவி ஒரு முழ இடைவெளியை ஒரு சாணாக்கி நகர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கதையை ஆரம்பித்தாள்.