நான்கு லிட்டர் எங்கே?

அக்காவின் கார் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, பின்னால் நீலப் புகை விடுகிறது என்று மாமா காலையிலேயே அதை என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். அக்காவும் அவர்கள் மகள், ஏழு வயதுக் குட்டியும் கூடவே வந்திருந்தார்கள். மதியம் மூவரும் மலைக்கு அந்தப் பக்கம் குடிபோகிறார்கள். அங்கே அக்காவுக்குப் புது வேலை. நாளைக் காலை சேராவிட்டால் அது இன்னொருவருக்குப் போய்விடும்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; அதற்குக் காற்று போகும் ஹோஸைக் கழற்றி விரலை விட்டேன். வழுக்கியது. டீசல் வண்டியில் அங்கே லேசாக எண்ணெய் படிந்திருப்பது சகஜம்தான். இது படிந்ததல்ல. வளைவில் தேங்கி, கறுப்பாக, அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள் அக்கா.

"காத்து போற வழில ஆயில் நிக்குது. ஒண்ணு, ஆயில அளவுக்கு மேல ஊத்தியிருக்கணும். இல்ல, இன்ஜின் மூச்சு விடற குழாய் அடைச்சிருக்கணும். அதுவும் இல்லேன்னா டர்போவுக்குள்ள ஆயில் கசியாம தடுக்கற சீல் போயிருக்கணும்."

"சீல் போயிருந்தா?"

"ரெண்டு நாள் வேலை."

அவள் முகம் சுருங்கியது. குழாயை ஊதிப் பார்த்தேன், அடைப்பு இல்லை. அளவுக் கம்பியை உருவினேன். மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய். மாமா தலையைச் சொறிந்தார்.

"நான்தான் மச்சான். மலையேறணுமேன்னு நேத்து ஒரு டப்பா கூடுதலா ஊத்திட்டேன். ரெண்டு மாசமா வாராவாரம் குறையக் குறைய நான்தானே அரை லிட்டர் ஊத்தறேன்."

"பெத்த பொண்ணுக்கு ஒரு நாளாவது பால் காய்ச்சிக் குடுத்திருக்காரா, கேளு" என்றாள் அக்கா.

"இல்லவே இல்ல!" பின் சீட்டிலிருந்து குட்டி கத்தினாள்.

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு சீல் பற்றிய பேச்சும் பட்டறையை விட்டு வெளியேறிவிட்டது.

அதிகப்படி எண்ணெயைத் தட்டில் வடித்தேன். சரியாக ஒரு லிட்டர். ஹோஸ்களைத் துடைத்து மாட்டினேன். சீல் சரியா என்று டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்ப்பது என் வழக்கம், பார்க்கவில்லை. டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரைக் கழற்ற வேண்டுமென்றால் பம்பரை எடுக்க வேண்டும், எடுக்கவில்லை. காரணம்தான் கிடைத்துவிட்டதே. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன், புகை இல்லை.

கிளம்பும்போது அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்; மாமா டிக்கியிலிருந்து ஒரு பையை இறக்கினார். "இடத்த அடைக்குது. தூக்கிப் போட்டுடு மச்சான்."

மூன்று மணிவாக்கில் அதைக் கவிழ்த்தேன். காலி ஆயில் டப்பாக்கள். லிட்டர் டப்பா ஐந்து. தரையில் உருண்டு ஒவ்வொன்றாக நின்றன.

தட்டில் இருப்பது ஒரு லிட்டர். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வாராவாரம் அரை அரையாக ஊற்றிய மீதி நான்கு எங்கே?

டர்போ வழியாகத்தான் போயிருக்க வேண்டும். பாதி புகையாக எரிந்திருக்கும். மிச்சம் நான் திறக்காத இன்டர்கூலருக்குள் குட்டைபோல் கிடந்து, ஒரு நீண்ட ஏற்றத்துக்காகக் காத்திருக்கும். அங்கே முழு வேகத்தில் அடிக்கும் காற்று அதை வாரி இன்ஜினுக்குள் போடும். தன் எண்ணெயைத் தானே குடிக்கத் தொடங்கிய டீசல் இன்ஜின் சாவிக்குக் கட்டுப்படாது.

உடனே அக்காவின் போனுக்கு அழைத்தேன். மாமா எடுத்தார். அவர் குரலுக்கு முன்னால் இன்ஜினின் சத்தம் வந்தது. ஏறிக்கொண்டே போகும் ஒற்றை ஓலம்.

"மச்சான், சாவியத் திருப்பி அணைச்சாச்சு. இன்னும் ஓடுது!"

"அக்காவ கடைசி கியர் போடச் சொல்லுங்க. பிரேக்க முழுசா மிதிச்சுக்கிட்டே கிளட்ச விடணும். இப்பவே!"

ஓலம் இருமியது. அடங்கியது. குட்டி அழுவது கேட்டது.

"எல்லாரும் இறங்குங்க. வண்டி எங்க நிக்குது?"

இப்போது அக்காவின் குரல். "வளைவுலடா. புகை ரோட்டையே மூடிடுச்சு. ஒண்ணுமே தெரியல."

"ரோட்டுல நிக்காதீங்க. பாறை மேல ஏறுங்க!"

மேலிருந்து இறங்கும் லாரியின் ஹாரன் தொலைவில் ஒருமுறை கேட்டது. பிறகு மிக அருகில். இரும்பு இரும்பில் மோதியது. அதன்பின் வெகுநேரம் கற்கள் உருண்டுகொண்டிருந்தன.

"அக்கா!"

"நாங்க மூணு பேரும் இருக்கோம்டா." அவளுக்கு மூச்சிரைத்தது. "கார்தான் கீழ போயிடுச்சு."

"லாரி?"

"இன்னும் புகையா இருக்குடா. லாரி நிக்குதா, அதுவும் கீழ போயிடுச்சான்னு தெரியல." புகை கலையட்டும் என்று அவள் காத்திருந்தாள். காலடியில் ஐந்து டப்பாக்களோடு நானும் காத்திருந்தேன்.