மூன்று என்ற கணக்கு

எங்கள் மொண்டெனெக்ரோ மலையில் ஒருவனிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால் மகனை மட்டும்தான் எண்ணுவான். என் அப்பா மிலோன்யாவும் அப்படித்தான். "ஒரு பிள்ளை. ரெண்டு பொண்ணும் கிடக்கு" என்பார். கிடக்கும் இரண்டில் மூத்தவள் நான், யோகா.

அந்த ஒரே பிள்ளை வுக்சனுக்குப் பத்தொன்பது வயதில் இடது விதை பக்கம் வீங்கியது. தடவினால் உள்ளே இன்னொரு உருண்டை. வேறு அப்பனாக இருந்தால் பதறியிருப்பான். இவர் மதுக்கடைக்கு ஓடினார்.

"என் மவனுக்கு மூணுடா!"

குடிகாரக் கூட்டம் எழுந்து நின்று ராக்கியாச் சாராயக் கோப்பையைத் தூக்கியது. வீரத்தை அங்கே வைத்து அளக்கிற ஊர், வேறென்ன செய்யும்?

பிறகு காய்ச்சல் வந்தது. வீக்கம் இரட்டிப்பானது. தம்பியால் நடக்கவே முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா."

"கத்தி பட்டா வம்சமே போச்சு. பொட்டக் கழுதை, உனக்கென்ன தெரியும்?"

கழுதைதான் அவனைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றியது. அப்பா திட்டிக்கொண்டே பின்னால் ஏறினார்.

"புத்துநோயா இருந்தா விதையையே எடுக்கணும். திறந்து, ஒரு துணுக்கைச் சோதிச்சுட்டு முடிவு பண்றேன்" என்றார் டாக்டரம்மா. அப்பா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். மகனுக்காக அல்ல, வம்சத்துக்காக.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா சிரித்தபடி வெளியே வந்தார். "புத்து இல்ல. அம்மா வயித்துக்குள்ள கருவா இருக்கும்போதே மண்ணீரல் துண்டு ஒண்ணு விதையோட ஒட்டிக்கிச்சு. ரொம்ப அபூர்வம். அதை மட்டும் எடுத்துட்டேன். விதை ரெண்டும் பத்திரம்."

"ரெண்டுதானா?" என்றார் அப்பா. முகம் தொங்கிப்போனது. இப்படியும் ஒரு மனிதர்!

வார்டில் நர்ஸ் பேச்சுக் கொடுத்தாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒண்ணு."

அரை மயக்கத்தில் கிடந்த வுக்சன் முனகினான். "மூணு."

அப்பா பதறி அவன் வாயைப் பொத்தினார். "மெதுவாடா! இப்ப ரெண்டுதான். ஊர்ல மூச்சு விடாத."

தம்பி அந்தக் கையைத் தள்ளிவிட்டான்.

"அதில்லப்பா. பிள்ளைங்க. அக்கா, நான், சின்னவ. மூணு."

இரண்டை மூன்றாக எண்ணி ஊரைக் கூட்டிய மனிதருக்கு மூன்றை மூன்றாக எண்ண நா எழவில்லை. அதுவரை கல்லாக நின்றிருந்த நான்தான் ஓவென்று அழுதேன்.